தடுப்பு மாத்திரையை யாரிடம், எங்கே சோதிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃப்ளூ காய்ச்சல் வராமல் தடுக்கும் மாத்திரைகளைச் சோதிப்பதற்காக, நோயில்லாத தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸைச் சொட்டு மருந்துபோல் விட்டுப் பார்க்கும் முறை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் இம்முறையை மிகவும் பாராட்டியிருந்தார். கடிதம் எழுதியவர்களில் ஒருவரோ, ஏழைகளைச் சோதனைக்கூட எலிகளாக்கும் இந்த வேலையை நம் நாட்டில் அடியோடு தடை செய்ய வேண்டும் என்று கோரியிருந்தார். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இருவர் கருத்தோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தடுப்பு மாத்திரையை நலமுள்ள மனிதர்களிடம் சோதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால், வைரஸைச் செலுத்திச் சோதிக்கும் முறை ஒரு சிறிய கேள்விக்கு மட்டுமே விடை தரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குடும்பங்களுக்குத் தேவையான விடை, காய்ச்சல் தானாக வந்து நுழைந்த வீடுகளில்தான் கிடைக்கும். சோதனை அங்கேதான் நடக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

நோயைக் குணப்படுத்தும் மருந்தை நோயாளியிடம் சோதிக்கலாம். அவருக்கு ஏற்கெனவே துன்பம் இருக்கிறது, மருந்தால் நன்மை கிடைக்கலாம் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. வராத நோயைத் தடுக்கும் மருந்துக்கு அப்படி ஒரு நோயாளியே கிடையாது. விலங்குகளிடம் செய்யும் சோதனை ஓரளவுக்குத்தான் உதவும். 1933ஆம் ஆண்டு லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகியோர் மனித இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) வைரஸைப் பிரித்தெடுத்தது, கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் சிறு விலங்கின் துணையால்தான். சில ஆண்டுகள் கழித்து அதே ஆய்வகத்தில் ஒரு ஃபெரட் தும்மியதில் ஸ்டூவர்ட் ஹாரிஸ் என்ற ஆய்வாளருக்கே காய்ச்சல் தொற்றிக்கொண்டது. ஆனாலும் ஃபெரட்டுக்கு வேலை செய்யும் அளவு மாத்திரை மனிதருக்கும் போதுமா, அதை எத்தனை மணி நேரத்துக்கு முன் விழுங்க வேண்டும் என்பதையெல்லாம் மனிதரிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, நம் ஊர் மருந்துக் கடைகளில் இன்று பரிச்சயமான ஓசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரை. இதைப் பற்றி பிரடெரிக் ஹேடன் குழுவினர் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், செலுத்தவிருந்த ஃப்ளூ வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் குறைவாக இருந்த நலமுள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வைரஸைச் செலுத்துவதற்கு 26 மணி நேரம் முன்பே சிலருக்கு மாத்திரையும் சிலருக்கு அதே உருவிலான வெற்று மாத்திரையும் கொடுக்கத் தொடங்கினார்கள். யாருக்கு எது என்பது தன்னார்வலருக்கும் தெரியாது, கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. வெற்று மாத்திரை எடுத்த 12 பேரில் 8 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. உண்மை மாத்திரை எடுத்த 21 பேரிலும் 8 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. இதோடு நிறுத்திவிட்டுப் படித்தால் மருந்து அரைகுறை என்றுதான் தோன்றும். ஆனால், வெற்று மாத்திரைக் குழுவில் பாதிப் பேரின் மூக்கிலிருந்து வைரஸ் வெளிப்பட்டது, மருந்துக் குழுவில் ஒருவரிடமிருந்துகூட வெளிப்படவில்லை. வெற்று மாத்திரைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தொற்றால் சுவாச நோய் வந்தது, மருந்துக் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை.

இதன் காரணம் மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழைவதை ஓசெல்டமிவிர் தடுப்பதில்லை. உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் செல்லின் மேற்பரப்பிலிருந்து தம்மை அறுத்துக்கொண்டு வெளியேற நியூராமினிடேஸ் என்ற நொதி தேவைப்படுகிறது. அந்த நொதியை இம்மருந்து முடக்கிவிடுவதால் அவை பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே தொற்று சிறிய அளவில் ஏற்பட்டு, உடல் எதிர்ப்பொருளையும் உண்டாக்கிக்கொண்டு, நோயாக வளராமல் முடிந்துபோகிறது. முப்பத்து மூன்று பேரை ஒரு கட்டடத்தில் தங்கவைத்து நாள்தோறும் மூக்கைக் கழுவிப் பார்த்த ஆய்வுதான் இதை இவ்வளவு துல்லியமாகக் காட்டியது. இம்முறையே கூடாது என்று எழுதிய நண்பர் இந்தப் பயனை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

அதே நேரத்தில், இப்படிப்பட்ட ஆய்வு எவற்றைச் சொல்லாது என்பதையும் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும். அதில் முதியவர் இல்லை, குழந்தை இல்லை, கர்ப்பிணி இல்லை, ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் இல்லை. நெறிமுறைப்படி அவர்களைச் சேர்க்கவும் கூடாது. ஆனால் இன்ஃப்ளூயன்சாவால் மருத்துவமனையில் சேர்பவர்களும் இறப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். செலுத்தப்படும் வைரஸும் ஆய்வுக்கென்று வளர்த்து, கடும் நோய் தராது என்று கண்டறியப்பட்ட ஒன்றே தவிர, அந்தப் பருவத்தில் தெருவில் திரிகிற வைரஸ் அல்ல. அதிலிருந்து பென்னாகரத்து மூதாட்டிக்கு எந்த முடிவையும் நேராக எடுத்துவர முடியாது.

இனி, யாரைத் தன்னார்வலர் என்று அழைத்தார்கள் என்ற வரலாற்றுக்கு வருகிறேன். 1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலின்போது அமெரிக்காவில் பாஸ்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் கடற்படையினரிடம் தொற்றுச் சோதனை நடத்தினார்கள். பாஸ்டனில் சேர்க்கப்பட்டவர்கள், குற்றத்துக்காகக் கடற்படைக் காவலில் இருந்தவர்கள். பங்கேற்றால் மன்னிப்பு என்று அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. நோயாளிகளின் சளியை அவர்கள் மூக்கிலும் தொண்டையிலும் தெளித்தார்கள், நோயாளிகளை அவர்கள் முகத்துக்கு நேராக இருமச் சொன்னார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை என்பது இன்றுவரை மருத்துவ வரலாற்றின் புதிர்களில் ஒன்று. அதே பெருங்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்ததற்கு முதன்மைக் காரணம் அதுவே. 1940களில் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளூ தடுப்பூசியைச் சோதிக்க மனநல மருத்துவமனையில் இருந்தவர்களைப் பயன்படுத்தினார்கள். 1960களில், ஃப்ளூவுக்கு எதிரான முதல் மாத்திரையான அமன்டடின், மேரிலாந்து சிறைக் கைதிகளுக்கு வைரஸைச் செலுத்திச் சோதிக்கப்பட்டது. அந்தச் சோதனைகளின் முடிவுகள் பொய்யல்ல. அமன்டடினுக்கு 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அது சில காலம் பயனும் தந்தது. ஆனால் கம்பிக்குப் பின்னால் இருப்பவர் தரும் சம்மதத்துக்குச் சம்மதம் என்று பெயரிட முடியாது என்பதை அந்நாடே உணர்ந்து, 1978ஆம் ஆண்டு கைதிகளிடம் ஆய்வு நடத்துவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது.

இதற்கு நேர்மாறான ஓர் இடமும் இருந்தது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகே, போர்க்காலத்தில் கட்டப்பட்ட ஒரு பழைய மருத்துவமனையில், 1946 முதல் 1990 வரை சளி நோய் ஆய்வுப் பிரிவு ஒன்று இயங்கியது. அங்கே ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் தாமாக விண்ணப்பித்து, பத்து நாள் போலத் தங்கி, மூக்கில் வைரஸையோ வெறும் உப்புநீரையோ ஏற்றுக்கொண்டு, புத்தகம் படித்தும் வயல்வெளியில் நடந்தும் பொழுதைக் கழித்துத் திரும்பினார்கள். சிறு கைச்செலவுப் பணம் கிடைத்தது, அவ்வளவுதான். சிலர் அதை விடுமுறையாகவே கருதி மீண்டும் மீண்டும் வந்தார்களாம். வேண்டாம் என்றால் எந்த நாளும் எழுந்து போய்விடலாம், போனால் அவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது. தன்னார்வம் என்பதற்கு நான் கேட்கும் தரம் இதுதான்.

நம் பகுதிக்கு அந்தத் தரத்தைப் பொருத்திப் பாருங்கள். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை வட்டங்களிலிருந்து மழை பொய்க்கும் ஆண்டுகளில் மேஸ்திரி வழியாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழே பலமுறை எழுதியிருக்கிறது. பெங்களூரு போன்ற பெருநகரங்களில், ஒரு நிறுவனத்தின் மாத்திரை மற்றொரு நிறுவனத்தின் மாத்திரைக்கு இணையாக இரத்தத்தில் சேருகிறதா என்று நலமுள்ளவர்களிடம் பார்க்கும் ஆய்வுகள் சட்டப்படியே நடக்கின்றன. பங்கேற்பவருக்குப் பணமும் தரப்படுகிறது. அப்படிப் போய்வந்த இளைஞர்கள் சிலரிடம், மருந்து வழங்கும் சன்னலுக்கு இப்பாலிருந்து நான் பேசியிருக்கிறேன். என்ன மருந்து விழுங்கினீர்கள், தம்பி என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. எத்தனை முறை இரத்தம் எடுத்தார்கள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள், அதில் அழைத்துப்போனவருக்கு எவ்வளவு போயிற்று என்பவை மட்டும் துல்லியமாகத் தெரியும். ஒப்புதல் படிவத்தின் நகலை வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

லண்டனில் 2021ஆம் ஆண்டு கொரோனா வைரஸைச் செலுத்தி நடந்த ஆய்வில் 18 வயதுக்கும் 29 வயதுக்கும் இடைப்பட்ட 36 பேர் பங்கேற்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 4,500 பவுண்டு வரை தரப்பட்டது. அங்கே அது, தனிமையில் அடைபட்டிருந்த நாள்களுக்கும் தொடர்ந்து வர வேண்டிய பரிசோதனைகளுக்கும் உரிய ஈடு. அதே தொகையை ரூபாயாக்கினால், இங்கே ஒரு கட்டடத் தொழிலாளி ஓராண்டுக்கு மேல் செங்கல் சுமந்தாலும் சேராத பணம். அவ்வளவு கொடுத்தால் ஆசை காட்டியதாகும், குறைத்துக் கொடுத்தால் சுரண்டியதாகும். இந்தச் சிக்கலுக்கு எளிய விடை கிடையாது. ஆனால் விடை கிடைக்கும்வரை நம் மாவட்டத்துக் கூலித் தொழிலாளரை வைரஸ் செலுத்தும் ஆய்வுகளில் சேர்க்கக் கூடாது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. முதலில் கல்லூரி ஆசிரியர்களும் மருத்துவ மாணவர்களும் வங்கி ஊழியர்களும் தங்கிப் பார்க்கட்டும். மாதச் சம்பளம் உள்ளவர் வரத் தயங்கும் ஆய்வுக்குக் கூலிக்காரர் மட்டும் வரிசையில் நிற்கிறார் என்றால், அந்த வரிசையே ஆய்வின் குறையைச் சொல்லிவிடும்.

நம் நாட்டில் விதிகள் இல்லை என்று கடிதம் எழுதிய நண்பர் கருதுவதும் சரியன்று. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி, ஆய்வைப் பதிவு செய்யப்பட்ட நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். அக்குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அவர்களில் பாதிப்பேர் அந்நிறுவனத்தைச் சாராதவர்களாகவும், ஒருவர் துறைசாராத சாதாரணக் குடிமகனாகவும் இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. இழப்பீட்டுக் கணக்கு 8 இலட்சம் ரூபாயை அடிப்படையாகக் கொண்டு, வயதையும் ஆபத்து நிலையையும் சேர்த்துப் பெருக்கப்படுகிறது. நலமுள்ள தன்னார்வலருக்கு ஆபத்து எண் மிக உயர்ந்ததான 4 என்று வைத்திருப்பது பாராட்டத்தக்கது. நோயைச் செலுத்திச் செய்யும் ஆய்வுகளுக்கு மட்டும் தனியாக நெறிமுறை வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023ஆம் ஆண்டு ஒரு வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தையும் கேட்டது. விதி இருந்தும் தவறு நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2009ஆம் ஆண்டு தொடங்கி, கம்மம், வதோதரா மாவட்டங்களில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையொப்பமிட்டதை நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லது என்பது வேறு, கையொப்பம் யாருடையது என்பது வேறு.

இனி, வீடுகளில் நடத்தும் ஆய்வு. ஒரு வீட்டில் ஒருவருக்கு இன்ஃப்ளூயன்சா உறுதியானதும், அதே வீட்டில் இன்னும் நலமாக இருப்பவர்களிடம் ஒப்புதல் பெற்று, சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, பத்து நாள் போலக் கவனிப்பதே இம்முறை. யாருக்கும் யாரும் வைரஸைச் செலுத்துவதில்லை, அது ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. பங்கேற்பவர் நாளை காய்ச்சல் வரக்கூடிய நிலையில் உண்மையாகவே இருப்பதால், மருந்தால் அவருக்கும் நன்மை கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஜப்பானில் 2018-19 பருவத்தில் பலோக்சவிர் என்ற மருந்தை ஒரே ஒரு வேளை மட்டும் கொடுத்து, ஏறத்தாழ 750 பேரிடம் இப்படி ஆராய்ந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 13.6 விழுக்காட்டினருக்கும் மருந்து எடுத்தவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கும் காய்ச்சல் வந்தது.

இந்த எண்களை ஓசெல்டமிவிரின் மற்றோர் ஆய்வோடு ஒப்பிட வேண்டும். அதில் தடுப்பூசி போடாத, நலமுள்ள 1,559 பேர், காய்ச்சல் பருவத்தில் ஆறு வாரம் மாத்திரையையோ வெற்று மாத்திரையையோ எடுத்துக்கொண்டே தத்தம் அன்றாட வேலையைப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 4.8 விழுக்காட்டினருக்கும், தினம் ஒரு மாத்திரை எடுத்த குழுவில் 1.2 விழுக்காட்டினருக்கும் காய்ச்சல் வந்தது. நான்கில் மூன்று பங்கு குறைந்தது என்று விளம்பரம் செய்யலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் மாத்திரை எடுத்த நூறு பேரில் 95 பேருக்கு மாத்திரை இல்லாமலும் காய்ச்சல் வந்திருக்காது. அவர்கள் ஆறு வாரம் வீணாக மாத்திரை விழுங்கி, சிலர் குமட்டலையும் வாந்தியையும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் நோயாளி இருக்கும்போது கொடுத்தால் நூறு பேருக்குப் பதினோரு, பன்னிரண்டு பேர் காப்பாற்றப்படுகிறார்கள். ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுப்பதற்கும், காய்ச்சல் வந்த வீட்டுக்கு மட்டும் கொடுப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை எந்தத் தனிமைக் கூடத்து ஆய்வும் சொல்லித் தராது.

ஜப்பான் முடிவை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அங்கே வீட்டில் மூன்று, நான்கு பேர். இங்கே ஒரே அறையில் பாட்டி, பிள்ளைகள், மாமியார், மருமகள் என்று படுத்துறங்கும் வீடுகள் ஏராளம். பாட்டிக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு இரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஓசெல்டமிவிரின் அளவைச் சிறுநீரகத்தின் நிலைக்கேற்பக் குறைக்க வேண்டும் என்பதால் இது சிறிய செய்தியல்ல. வட இந்தியாவைப்போல் அன்றி, தமிழகத்தில் இக்காய்ச்சல் வடகிழக்குப் பருவமழையோடு ஐப்பசி, கார்த்திகையில் மிகுதியாக வருகிறது. ஃப்ளூ தடுப்பூசியோ அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. பணம் கொடுத்துப் போட்டுக்கொள்பவர் நம் கிராமங்களில் அரிது. தடுப்பூசி இல்லாத மக்களிடம் தடுப்பு மாத்திரை எவ்வளவு பயன்படும் என்பதை இங்கே பார்க்காமல் வேறெங்கே பார்ப்பது?

அதற்கான ஆள்கட்டும் நம்மிடம் உண்டு. வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். அத்திட்டத்தின் பெண் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது பதிவேட்டைப் பார்க்காமலே தெரியும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, கொரோனா காலத்துக்குப் பின் ஆர்டிபிசிஆர் பரிசோதனைக்குச் சென்னை கிண்டி கிங் ஆய்வகத்தையே நம்பியிருக்க வேண்டிய நிலையும் மாறிவிட்டது. காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் மாதிரி எடுத்து, இன்ஃப்ளூயன்சாதான் என்று உறுதி செய்ய முடிந்தால், மீதி வேலை ஒழுங்காகப் பதிவு செய்வது மட்டுமே. (செய்தித்தாள்களில் மர்மக் காய்ச்சல் என்று வருபவற்றில் பலவற்றின் மர்மம், யாரும் பரிசோதிக்கவில்லை என்பதுதான். தங்கள் நிருபர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஒழுங்காகப் பதிவு செய்வது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு பன்றிக் காய்ச்சல் என்று அழைக்கப்பட்ட எச்1என்1 பரவியபோது, நோயாளிகளோடு நெருங்கிப் பழகியவர்களுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் ஓசெல்டமிவிர் தடுப்பாகக் கொடுக்கப்பட்டது. அப்போது அம்மருந்துக்கு விற்பனைக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு உண்டு. வந்தது எத்தனை, கொடுத்தது எத்தனை, இருப்பு எத்தனை, காலாவதி எந்த மாதம் என்று இருப்புப் பதிவேட்டில் பத்திகள் இருந்தன. வாங்கிப்போனவருக்குப் பிறகு காய்ச்சல் வந்ததா என்பதற்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. நாடு முழுவதும் இப்படி எவ்வளவு பேருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும்! அவ்வளவு பேரையும் ஆய்வுக்கு உட்படுத்தாமலேயே மருந்தைக் கொடுத்தோம், அதிலிருந்து ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. சோதனையே கூடாது என்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வு இல்லாமல் கொடுப்பதும் மனிதரிடம் செய்யும் சோதனைதான், முடிவை மட்டும் யாரும் எழுதிவைப்பதில்லை.

முடிவுகளை எழுதினால் மட்டும் போதாது, முழுவதையும் வெளியிடவும் வேண்டும். ஓசெல்டமிவிரின் ஆய்வுகளில் பாதிக்குமேல் முழுமையாக வெளிவரவில்லை என்ற உண்மை, 2009ஆம் ஆண்டு கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் எழுப்பிய ஒரு கேள்வியிலிருந்துதான் வெளிச்சத்துக்கு வரத் தொடங்கியது. காக்ரேன் என்ற ஆய்வாளர் அமைப்பும் பிரிட்டிஷ் மருத்துவ இதழும் ஆண்டுக்கணக்கில் போராடி, நிறுவனத்திடமிருந்து முழு அறிக்கைகளைப் பெற்று, 2014ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இது: தடுப்பாக எடுத்தால் அறிகுறியோடு கூடிய காய்ச்சல் பாதிக்குமேல் குறைகிறது, சிகிச்சையாக எடுத்தால் ஏழு நாள் துன்பம் ஆறேகால் நாள்போல் ஆகிறது, மருத்துவமனையில் சேர்வதைக் குறைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. அதற்குள் பிரிட்டன் அரசு மட்டும் இம்மருந்தைச் சேமித்துவைக்க 42 கோடிப் பவுண்டுக்கு மேல் செலவழித்திருந்தது. மூக்கில் வைரஸை ஏற்றுக்கொண்ட தன்னார்வலர்களும், ஆறு வாரம் மாத்திரை விழுங்கியவர்களும் தம் உடலைக் கொடுத்தது ஒரு நிறுவனத்தின் அலமாரியில் காகிதத்தைப் பூட்டிவைப்பதற்காக அல்ல. நம் நாட்டில் 2009 ஜூன் முதல் ஆய்வுகளைத் தொடங்குவதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்த ஆய்வின் முடிவு, சாதகமோ பாதகமோ, பங்கேற்றவர் வீட்டுக்கே அவர் மொழியில் ஒரு பக்கத்தில் வந்து சேர வேண்டும் என்பதையும் கட்டாயமாக்க வேண்டும்.

தடுப்பு மாத்திரையைத் தாராளமாகப் புழங்கவிட்டால் வைரஸ் பழகிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமன்டடின் இன்று ஃப்ளூவுக்குப் பயன்படுவதில்லை, 2006 வாக்கில் பரவிய எச்3என்2 வகை ஃப்ளூ வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவை அதற்கு அடங்காதவையாகிவிட்டன. 2008ஆம் ஆண்டையொட்டிப் பரவிய பருவகால எச்1என்1 வைரஸும் ஓசெல்டமிவிரை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. இப்போது நாம் காண்பது அதை அகற்றிவிட்டு 2009இல் வந்த வேறொரு எச்1என்1 என்பதால்தான் மருந்து மீண்டும் பயன்படுகிறது. ஆகவே வீட்டு ஆய்வு எதுவானாலும், மாத்திரை எடுத்தும் காய்ச்சல் வந்தவரின் வைரஸைப் பிரித்துப் பார்ப்பது அதன் பகுதியாக இருக்க வேண்டும்.

இவ்வளவு எழுதியபின் தங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் இரு மாவட்டங்களில் ஏதேனும் ஓரிடத்தில் இத்தகைய தடுப்பு மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்க்கப்படுவதாகத் தெரியவந்தால், ஆய்வின் நோக்கத்தைப் பற்றிய பேட்டியோடு நின்றுவிடாமல், அதன் ஒப்புதல் படிவத்தையும் கேட்டுப் பெற்று மாவட்டப் பதிப்பில் முழுமையாக வெளியிடுங்கள். என்ன மருந்து, யார் செலவு செய்கிறார்கள், எத்தனை முறை இரத்தம் எடுப்பார்கள், பாதிப்பு நேர்ந்தால் இரவில் எந்த எண்ணை அழைப்பது, நெறிமுறைக் குழுவில் அந்தச் சாதாரணக் குடிமகன் யார் என்பவை அதில் இருக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் பல இருப்பதால் அம்மொழிகளிலும் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சியாகக் கையொப்பமிடுபவர், ஆள் அழைத்துவந்த மேஸ்திரியாக இருக்கக் கூடாது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.